பத்தாவது கேள்வியின் மீதி

மனநல டாக்டர் வார்டுக்குள் வந்தபோது மணி ஒன்பது நாற்பது. சுவர்க் கடிகாரம் ஒன்பது நாற்பத்தேழு காட்டியது. அதை ஏழு நிமிடம் முந்தி ஓடவிட்டவர் பெரிய சிஸ்டர். டாக்டர்கள் பிந்தத்தான் போகிறார்கள், கடிகாரமாவது முந்தட்டும் என்பது அவர் கட்சி.

அது பெண்கள் வார்டு. இருபத்தாறு படுக்கைகள். பிள்ளை பெற்றவர்கள், கர்ப்பப்பை எடுத்தவர்கள், கரு தங்காமல் போனவர்கள் எல்லாரும் ஒரே கூடத்தில். பிரித்து வைக்க இடம் கிடையாது. ஒரு படுக்கையின் பக்கத்தில் தொட்டில் இருக்கும். அடுத்ததில் இருக்காது. பதினோரு வருடமாகப் பெரிய சிஸ்டர்தான் பொறுப்பு. அதற்கு முன் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தவர். எதையும் இரண்டு தரம் எண்ணுகிற பழக்கம் அங்கிருந்து கூடவே வந்தது.

டாக்டருக்கு முப்பது வயது இருக்கும். கக்கத்தில் ஒரு காகிதக் கட்டு. பின்னால் இரண்டு பயிற்சி டாக்டர்கள், ஆளுக்கொரு மடக்கு நாற்காலியோடு. தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து, கச்சேரி ஏதும் உண்டா என்று கேட்டாள். பயிற்சி டாக்டர்கள் சிரிக்கவில்லை.

டாக்டர் கட்டை மேஜைமேல் வைத்தார். இந்த வார்டிலிருந்து கடைசி இரண்டு மாதத்தில் வீட்டுக்குப் போனவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் மனநிலை மோசம் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. பன்னிரண்டு மார்க்கைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். இங்கே பார்த்தவரை எல்லாருக்கும் இருபத்தொன்று. இப்படி ஒரு வார்டு உலகத்தில் இருக்க முடியாது, ஆனாலும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார்.

எங்கள் வார்டில் அப்படி யாரும் இல்லையே என்றார் பெரிய சிஸ்டர்.

டாக்டர் கட்டின் மேலிருந்து பத்துப் படிவங்களை எடுத்துச் சீட்டுக் கட்டுப் போல மேஜையில் பரப்பினார். ஒவ்வொன்றிலும் பத்துக் கேள்விகள். கேள்விக்கு நாலு கட்டம். எல்லாக் கேள்விக்கும் முதல் கட்டத்தில்தான் குறி. மேலிருந்து கீழே நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்க்கோடு.

முதல் மூன்று கேள்வியும் நல்லதைக் கேட்கின்றன என்று டாக்டர் விரல் வைத்துக் காட்டினார். வழக்கம்போல் சிரிக்க முடிகிறதா, நாளையை நினைத்தால் ஆசை வருகிறதா, தூக்கம் வருகிறதா. அங்கே முதல் கட்டம் என்றால் ஆமாம், நன்றாக. நாலாவதிலிருந்து கேள்வி புரண்டு படுக்கிறது. காரணமில்லாமல் பயம் வருகிறதா, அழுகை வருகிறதா, தன்மேல் வெறுப்பு வருகிறதா. அங்கேயும் முதல் கட்டம் என்றால் ஆமாம், எந்நேரமும். கேள்விக்கு மூன்று மார்க்.

"நல்லாச் சிரிக்கறேன், நல்லாத் தூங்கறேன், ஆனா எந்நேரமும் அழறேன், வாழவே பிடிக்கலே. இருநூறு பேரும் ஒண்ணுபோல இதைத்தான் சொல்லியிருக்காங்க, சிஸ்டர்."

யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற சின்ன சிஸ்டர் தன் நகத்தைப் பார்த்தாள். பெரிய சிஸ்டர் குறிகளைப் பார்த்தார். வால் நீண்டு மேலே ஏறியவை அவருடையவை. தூண்டில் முள் மாதிரி வளைந்தவை சின்ன சிஸ்டருடையவை.

ஒரு வருடம் முன்பு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணிடமும் பத்துக் கேள்வி கேட்டுக் குறிக்க வேண்டும். முதல் வாரம் உண்மையாகவே கேட்டார்கள். ஒருத்திக்கு இருபது நிமிடம் பிடித்தது. இரண்டாம் கேள்வியிலேயே ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அழுதால் என்ன செய்வது என்று படிவத்தில் போடவில்லை. ஒரு மாமியார் குறுக்கே புகுந்து பத்துக்கும் தானே பதில் சொன்னாள். ஒரு புருஷன், என் பெண்டாட்டியைப் பைத்தியம் என்கிறீர்களா என்று சண்டைக்கு வந்தான். அதற்குள் அந்தப் பக்கம் ஒருத்திக்கு ரத்தம் ஏற்ற வேண்டும், இந்தப் பக்கம் ஒரு குழந்தை பால் குடிக்க மாட்டேன் என்கிறது.

இரண்டாம் வாரம் பெரிய சிஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். மதியம் ஷிப்ட் முடியக் கால் மணி இருக்கையில், அன்றைக்குப் போகிறவர்களின் படிவங்களை அடுக்கிக்கொள்வார். முதல் கேள்வியைப் படித்தார், முதல் கட்டம் நல்லதாகத் தெரிந்தது. அப்படியே கீழே இறங்கினார். மற்ற கேள்விகளை அதற்கப்புறம் படிக்கவில்லை. ஒரு படிவத்துக்குப் பன்னிரண்டு விநாடி. சின்ன சிஸ்டருக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார். படிவங்கள் பச்சைக் கோப்பில் ஏறி அலுவலகத்துக்குப் போய்த் தூங்கின. போன வாரம் அங்கே புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். தூங்கினதை எழுப்பிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்.

"ரிப்போர்ட்ல என் பேரை முதல்ல போடுங்க டாக்டர். சின்னவ நான் சொன்னதைத்தான் செஞ்சா" என்றார் பெரிய சிஸ்டர்.

ரிப்போர்ட்டைப் பிறகு பார்க்கலாம், முதலில் இன்றைக்கு இருக்கிற இருபத்தாறு பேரையும் கேட்டுவிடுவோம் என்றார் டாக்டர். நாற்காலிகள் விரிந்தன. ஒன்றாம் படுக்கைக்கும் இரண்டாம் படுக்கைக்கும் நடுவே திரை இழுக்கப்பட்டது. வார்டில் சத்தம் குறைந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் பதினோரு வருடம் கத்தியும் குறையாத வார்டு அது.

கட்டு மேஜையிலேயே கிடந்தது.

தியேட்டரில் ஒரு விதி உண்டு. வயிற்றுக்குள் வைத்த பஞ்சுத் துணி எத்தனையோ, அத்தனையும் வெளியே வந்து எண்ணப்பட வேண்டும். எண்ணிக்கை சரியாகாமல் தையல் போடக் கூடாது. பெரிய டாக்டரே கத்தினாலும் கூடாது. பெரிய சிஸ்டர் ஒருமுறை ஒரே ஒரு துணிக்காக ஐம்பது நிமிடம் எல்லாரையும் நிற்க வைத்தவர். துணி ஒரு டாக்டரின் செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் பத்துப் படிவம் பார்த்துவிட்டுப் புரிந்துகொண்டார். பெரிய சிஸ்டருக்குப் பத்து போதாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். நேர்க்கோடு, நேர்க்கோடு, நேர்க்கோடு. படுக்கை எண் ஐந்து. படுக்கை எண் இருபத்திரண்டு. படுக்கை எண் பன்னிரண்டு, வயது இருபது, முதல் பிரசவம், குழந்தை கண்ணாடிப் பெட்டியில். நேர்க்கோடு. அடுத்தது. நடுவில் ஆயா டீ கொண்டுவந்து வைத்தாள். ஏடு கட்டியது. இருநூற்றுப் பதிமூன்று.

அடியில் ஒன்று மிச்சம் இருந்தது. மார்க் வரிசைப்படி அடுக்கியதால் கடைசியில் கிடந்தது. இருபத்தொன்று அல்ல, பதினாறு.

இது நாலாக மடிக்கப்பட்டு விரிக்கப்பட்டிருந்தது. குறிகள் நேராக இறங்கவில்லை. ஒன்று மூன்றாம் கட்டம், அடுத்தது நாலாம் கட்டம், பிறகு இரண்டு, மறுபடி மூன்று. ஒரு கேள்வியில் குறி போட்டு, அடித்து, பக்கத்துக் கட்டத்தில் போட்டிருந்தது. யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். படுக்கை எண் பதினொன்று. வயது முப்பத்தாறு. கர்ப்பப்பை அகற்றம். வீட்டுக்குப் போய்ப் பத்தொன்பது நாள்.

பெரிய சிஸ்டருக்கு முகம் உடனே வந்தது. சிரிப்புக்காரி. அப்படித்தான் வார்டில் அவளுக்குப் பேர். ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. மாதக்கணக்கில் நிற்காமல் ரத்தம் போய், வெளிறிப்போய் வந்தவள். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். யாருடைய குழந்தை அழுதாலும் போய்த் தொட்டிலை ஆட்டுவாள். பக்கத்துப் படுக்கைப் பெண், அந்தப் பன்னிரண்டாம் எண், குழந்தையைப் பார்க்கக்கூடப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். அவளை எழுப்பி உட்காரவைத்துத் தினமும் தலை வாரிவிட்டது சிரிப்புக்காரிதான். ஆயா நடக்கிற மாதிரி நடந்து காட்டுவாள். பெரிய சிஸ்டர் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக் காட்டுவாள். தொல்லை விட்டது, இனிமேல் ராணி மாதிரி இரு என்று பெரிய சிஸ்டர் அவளிடம் சொன்னார். கர்ப்பப்பை எடுத்த எல்லாரிடமும் சொல்வது அது. அவள் அதற்கும் சிரித்தாள்.

போகிற அன்றைக்கு, படிவங்களில் குறிகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கொன்று கொடுங்கள், நானே எழுதுகிறேன், உங்கள் கை வலிக்கப்போகிறது என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அரை மணி கழித்து மடித்துக்கொண்டு வந்தாள். பத்தாவது கேள்வி பாதியைக் காணோம், காப்பியைக் காப்பி எடுத்து எடுத்து அடி வரி தேய்ந்துவிட்டது, ஒரிஜினலைக் கொடுங்கள், கடையில் பளிச்சென்று அடித்துத் தருகிறேன் என்றாள்.

அதற்குப் பெரிய சிஸ்டர் சொன்னது அவருக்கே இப்போது காதில் விழுந்தது. யாரும்மா படிக்கப்போறா, விடு. சொல்லிவிட்டு, பிரிக்காமல் பச்சைக் கோப்பில் செருகினார்.

அவர் படிவத்தின் அடியைப் பார்த்தார். பத்தாவது கேள்வியில் அச்சு இரண்டு வார்த்தைதான் தெரிந்தது. தனக்குத்தானே தீங்கு. அதற்குமேல் காகிதம் வெள்ளை. அந்த வெள்ளையில் நீலப் பேனாவால், குண்டு குண்டான எழுத்தில் மீதி எழுதப்பட்டிருந்தது. செய்துகொள்ளும் எண்ணம் வருகிறதா? எழுதிவிட்டு, இரண்டாம் கட்டத்தில் குறி போட்டிருந்தாள். சில சமயம்.

பெரிய சிஸ்டர் எழுந்து மூன்றாம் படுக்கைத் திரையருகே போய் நின்றார். படிவத்தைக் கையில் பிடித்திருந்தார். டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். படிவத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

இன்றைக்கே பார்க்க வேண்டும் என்றார். ஒன்பதாம் எண் அறையில் நாலு மணிவரை இருப்பேன், நாலுக்கு மேலும் இருப்பேன். போனில் யாரிடமும் இதைப் பற்றிச் சொல்ல வேண்டாம், அவளிடம் நேரில்தான். நான் வரட்டுமா என்றும் கேட்டார்.

"வேணாம் டாக்டர். புது முகத்தைப் பார்த்தா அவ கூடக் கொஞ்சம் சிரிப்பா. அவ்வளவுதான்."

அப்படியானால் நீங்களே போங்கள் என்றார் டாக்டர். அங்கே போய் அறிவுரை சொல்லாதீர்கள். கேளுங்கள், பத்தையும் கேளுங்கள். பத்தாவதைக் கேட்டால் புதிதாக நினைப்பு வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி வராது. பதில் சரியில்லை என்றால் தனியாக விட்டுவிட்டு வரக்கூடாது.

பதிவேட்டில் அவள் போன் எண் இல்லை. புருஷன் எண்தான் இருந்தது. எல்லாப் பெண்ணுக்கும் அப்படித்தான். பெரிய சிஸ்டர் போன் போட்டார். தையலைப் பார்க்க வேண்டும், எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். கடைக்குப் போயிருக்கிறாள், நாலு நாளாகப் போகிறாள் என்றான். ஆறு வாரம் ஓய்வு என்று சொல்லித்தானே அனுப்பினோம் என்றதற்கு, நானும் சொன்னேன் சிஸ்டர், வீட்டில் உட்கார்ந்தால் சுவர் விழுங்குகிறது என்கிறாள் என்றான். நல்ல மனுஷன் மாதிரிதான் பேசினான்.

"அவளுக்கென்ன சிஸ்டர். எப்பவும்போலச் சிரிச்சுக்கிட்டே இருக்கா."

மணி பன்னிரண்டு ஐந்து. மருந்து அலமாரிச் சாவியைச் சின்ன சிஸ்டர் கையில் கொடுத்தார். ஷிப்ட் முடியுமுன் அவர் வார்டை விட்டு இறங்குவது பதினோரு வருடத்தில் இது முதல் தடவை. ஆயா, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். போகிற வழியில் அலுவலகத்தில் நுழைந்து படிவத்தின் ஒரிஜினலைக் கேட்டார். எதற்கு என்றார் புது ஆள். காப்பி எடுக்க என்றார். அது பொய்யில்லை.

கடை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இருந்தது. கைகளை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். ஒரு பெரிய மெஷின், ஒரு மேஜை, ஒரு ஸ்டூல். பாதி மேஜையைக் காகிதக் கட்டுகள் பிடித்துக்கொண்டிருந்தன. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். சிரிப்புக்காரி மெஷின் பக்கத்தில் நின்று ஒரு பெரியவருக்கு ஏதோ சான்றிதழைக் காப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். தலை படிய வாரியிருந்தாள். பெரிய சிஸ்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பத்தொன்பது நாள் முன்பு பார்த்ததும் இதே மலர்ச்சிதான்.

"என்ன சிஸ்டர், கடிகாரத்தை எடுத்துக்கிட்டு வரலையா?"

பெரியவர் காப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முத்திரை மங்கலாக இருக்கிறதே என்றார். உங்கள் முத்திரையே மங்கல் ஐயா, மெஷின் என்ன பண்ணும் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போனார். பெரிய சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். வயிறு எப்படி இருக்கிறது, ரத்தம் ஏதும் படுகிறதா, காகிதக் கட்டைத் தூக்குகிறாயா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது. காகிதக் கட்டை முதலாளி தூக்குகிறார், அவர் தூக்கும்போது பார்க்க வேண்டுமே, அவருக்குத்தான் ஆபரேஷன் ஆன மாதிரி இருக்கும் என்றாள். தூக்கிக் காட்டவும் செய்தாள், வெறும் கையால்.

பெரிய சிஸ்டர் பையிலிருந்து ஒரிஜினலை எடுத்து நீட்டினார்.

"இதுல ஐம்பது அடிச்சுக் குடும்மா."

அவள் வாங்கினாள். மெஷின் மூடியைத் தூக்கி, கண்ணாடிமேல் வைக்கப்போனவள், நிறுத்தினாள். காகிதத்தைத் திருப்பி அடி வரியைப் பார்த்தாள்.

"முழுசா இருக்கு" என்றாள்.

"ஒரிஜினல்."

"நான் எழுதினது சரியாத்தான் இருக்கு."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது, மீதி?"

"வேற என்னவா இருக்கும், சிஸ்டர்?"

காகிதத்தைக் கண்ணாடியில் குப்புறப் போட்டாள். மூடியை மூடவில்லை. பொத்தானையும் அமுக்கவில்லை. சிரிப்பு முகத்தில் இருந்தது, ஆனால் அதை யாரும் கவனித்துக்கொள்ளாத மாதிரி இருந்தது.

பெரிய சிஸ்டர் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த வாக்கியங்கள் இரண்டு. பஸ்ஸில் வரும்போது தயார் பண்ணியவை. இரண்டையும் விட்டுவிட்டார். கையை நீட்டிக் கண்ணாடியிலிருந்து காகிதத்தை எடுத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"நான் இன்னைக்குத்தான் இதை முழுசாப் படிக்கறேன். படிச்சுப் படிச்சு உன்னைக் கேக்கறேன். சொல்றதுன்னா சொல்லு."

முதல் கேள்வியை அவர் படித்தார். வழக்கம்போல் சிரிக்க முடிகிறதா. பார்த்தால் தெரியவில்லையா என்றாள் அவள். தெரியவில்லை, அதனால்தான் கேட்கிறேன் என்றார். அவள் கொஞ்ச நேரம் மெஷினின் பச்சை விளக்கைப் பார்த்தாள். சிரிப்பு வருகிறது, ஆனால் அது வாசலோடு நின்றுவிடுகிறது, உள்ளே வருவதில்லை என்றாள்.

இரண்டாவதற்கு, நாளை என்று ஒன்று இருப்பதே காலையில் எழுந்ததும்தான் ஞாபகம் வருகிறது, எதற்கு எழுந்தோம் என்று இருக்கிறது என்றாள். மூன்றாவது தூக்கம். படுத்தால் வருகிறது, மூன்று மணிக்குப் போய்விடுகிறது என்றாள். நாலாவதில் ஒரு மாணவி வந்து அடையாள அட்டையை இரண்டு பக்கமும் காப்பி கேட்டாள். எடுத்துக் கொடுத்தாள். சில்லறை இல்லை, பரவாயில்லை, அப்புறம் கொடு என்றாள். மாணவி போனதும், எங்கே விட்டோம் என்று அவளே கேட்டாள்.

ஆறாவது கேள்வியில் தானாகவே பேச ஆரம்பித்தாள். எடுத்ததைப் பற்றி வருத்தமில்லை என்றாள். ரெண்டு பிள்ளை இருக்கிறது, மூன்றாவது வேண்டும் என்று அவள் நினைத்ததே இல்லை. எல்லாரும் தொல்லை விட்டது என்றார்கள். தானும் அதையே எல்லாரிடமும் சொன்னாள். வார்டில் யாராவது அழுதால், பெற்றவள் அழுவாள், பறிகொடுத்தவள் அழுவாள், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இவள் எந்தக் கணக்கில் அழுவது? குளிக்கப் போனால் அந்தத் தழும்பைப் பார்க்காமல் குளிக்கிறாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. புருஷன் நல்லவன்தான். ஒருநாள் அவனிடம் ஆரம்பித்தாள். நீயே இப்படிச் சொன்னால் எப்படி என்று அவன் சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டாள்.

 ராணி மாதிரி இரு என்று சொன்ன வாய் பெரிய சிஸ்டருடையது. அது ஏழாவது கேள்வியைப் படித்தது.

எட்டு. ஒன்பது.

பத்தாவதை அவர் மெதுவாக, ஒரு வார்த்தையும் விடாமல் படித்தார். வெளியே ஒரு பஸ் பின்னால் எடுத்தது. அது நிற்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"முந்தாநாள் வந்துது" என்றாள் அவள். "நேத்து வரலே. இன்னைக்கு நீங்க வந்துட்டீங்க."

வந்தபோது என்ன செய்தாய் என்று கேட்டார். கடைக்கு வந்துவிட்டேன் என்றாள். இங்கே யாராவது எதையாவது நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள், கை சும்மா இருப்பதில்லை, அதனால்தான் ஓய்வு எடுக்காமல் வந்தேன் என்றாள். பிள்ளைகள் முகத்தைப் பார்த்தால் போய்விடுகிறது என்றாள். பிறகு, சில நாள் அதற்கும் போவதில்லை என்றாள். அதைச் சொல்லும்போது சிரிப்பு இல்லை. முகம் வேறு ஒருத்தியின் முகம் மாதிரி இருந்தது. கொஞ்சம் வயதாகி, கொஞ்சம் நிம்மதியாக.

பெரிய சிஸ்டர் எழுந்தார். டாக்டர் ஒருத்தர் உனக்காக உட்கார்ந்திருக்கிறார், இப்போதே போகலாம், நான் கூட இருக்கிறேன் என்றார்.

"பைத்தியத்துக்குப் பார்க்கற டாக்டரா?"

"ஆமா. காலையில என்னைக்கூடப் பார்த்தாங்க."

"உங்களுக்கென்ன?"

"எனக்குக் கை சரியில்லையாம். எதைக் கொடுத்தாலும் நேர்க்கோடு போடுதாம்."

அவள் புரியாமல் பார்த்தாள். பெரிய சிஸ்டர் சொன்னார். பன்னிரண்டு விநாடி, முதல் கட்டம், பச்சைக் கோப்பு, எல்லாம். எதையும் விடவில்லை. இருநூற்றுப் பதினான்கில் இருநூற்றுப் பதிமூன்று எங்கள் கை, ஒன்றுதான் உன் கை என்றார். அவள் கேட்டுக்கொண்டே மெஷினை அணைத்தாள். உள்ளே விசிறி ஓடி, தேய்ந்து, நின்றது. நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன், எல்லாரிடமும் கேட்டு வைத்துக்கொண்டுதான் குறிக்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

ஒரு அட்டையில், மூன்று மணிக்கு முதலாளி வருவார் என்று குண்டு எழுத்தில் எழுதிக் கம்பியில் மாட்டினாள். முதலாளிக்குப் போன் போட்டு, தையலைக் காட்டிவிட்டு வருகிறேன் என்றாள். ஷட்டரை இழுக்கக் கையைத் தூக்கினாள். நீ தூக்காதே என்று பெரிய சிஸ்டர் இழுத்தார். அது பாதியில் நின்றது. உலுக்கி இழுத்தார், இறங்கியது. அவள் பூட்டினாள்.

இருவரும் சாலையைத் தாண்டினார்கள். வெயில் நேராக விழுந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ் இன்னும் வரவில்லை. நிழலில் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். பெரிய சிஸ்டர் அவளை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

சிரிப்புக்காரி மடியில் இருந்த பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டினாள். அவிழ்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"சிஸ்டர், என் பக்கத்துப் பெட்ல ஒரு பொண்ணு இருந்தாளே, நான் தலை வாரிவிடுவேனே. அவ ஃபார்மை யார் எழுதினது?"